18 வயதுப் பிள்ளைக்கு முதல் கார்: பழைய எட்டியோஸ் லிவா பெட்ரோல் எடுக்கலாமா?

காலேஜ் சேர்ந்த கையோடு லைசென்ஸும் எடுத்த பிள்ளைக்கு நாலு, நாலரை லட்சத்துக்குள் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வேண்டும் என்று கன்சல்டிங் பக்கம் போனால், முதலில் காட்டுவது ஸ்விஃப்ட். பிள்ளையும் அதைத்தான் கேட்கும். நல்ல வண்டிதான், மறுப்பதற்கில்லை. ஆனாலும் புதிதாக ஓட்டுகிறவர் கையில் கொடுக்க, இந்த விலையில் நாங்கள் முதலில் பார்க்கச் சொல்வது டொயோட்டா எட்டியோஸ் லிவா. அதிலும் பெட்ரோல். அதிலும் 2016 செப்டம்பருக்குப் பிறகு வந்தது.

ஏன் அந்த மாதம்? லிவா 2011 ஜூனில் வந்து, 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை விதி வந்தபோது நின்றுபோன வண்டி. இடையில் 2016 செப்டம்பரில் வந்த மாற்றத்தில், முன் சீட் இரண்டுக்கும் ஏர்பேக், ஓங்கி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாத ஏபிஎஸ் பிரேக், பின் சீட்டில் குழந்தை இருக்கை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி மூன்றையும் கீழ் வேரியண்ட் முதல் மேல் வேரியண்ட் வரை எல்லாவற்றிலும் கொடுத்தார்கள். அந்தக் காலத்து ஸ்விஃப்ட், கிராண்ட் ஐ10, வேகன்ஆர் எடுக்கும்போது எந்த வேரியண்டில் ஏர்பேக் உண்டு, எதில் இல்லை என்று எழுத்தெழுத்தாகத் தேட வேண்டும். கன்சல்டிங்கில் வேரியண்ட் ஸ்டிக்கரை மாற்றி ஒட்டி விற்பதும் உண்டு. லிவாவில் அந்தத் தலைவலி இல்லை. 2016-ல் குளோபல் என்கேப் செய்த மோதல் சோதனையில் இரண்டு ஏர்பேக் உள்ள லிவா, பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துக்கு 4 நட்சத்திரம் வாங்கியது. அதே அமைப்பின் சோதனையில் 2018-ல் ஸ்விஃப்டும், 2019-ல் வேகன்ஆரும் வாங்கியது 2 நட்சத்திரம். 64 கி.மீ. வேகத்தில் முன்பக்கம் மோதுகிற சோதனை அது. பக்கவாட்டில் லாரி இடித்தால் என்ன ஆகும் என்பதை அது சொல்லாது. பிள்ளையிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

பட்ஜெட் கொஞ்சம் நீண்டு 2019 கடைசியில் தயாரான வண்டி கிடைத்தால் இன்னும் நல்லது. 2019 ஜூலை 1 முதல் தயாராகும் எல்லாக் கார்களிலும் 80 கி.மீ. தாண்டினால் பீப் அடிக்கும் அலாரம், சீட் பெல்ட் நினைவூட்டல், ரிவர்ஸ் சென்சார் கட்டாயமானது. 80-க்கு மேல் விட்டுவிட்டு அடிக்கும், 120 தாண்டினால் நிற்காமல் அடிக்கும். 18 வயதுக்காரர் ஓட்டும் வண்டியில் இதைவிட மலிவான காவல்காரன் கிடையாது. ஆர்சி புத்தகத்தில் பதிவு தேதியைப் பார்க்காமல் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். ஷோரூமில் நின்ற பழைய ஸ்டாக்கை ஆறு மாதம் கழித்துப் பதிவு செய்திருப்பார்கள்.

ஓட்டக் கற்றவர் கையில் எப்படி?

1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 80 குதிரைத்திறன், 104 நியூட்டன் மீட்டர் இழுவை. விறுவிறுப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் இங்கே வேண்டியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் சீராக ஏறும், திடீரென்று பாயாது. டீசல் லிவாவில் அப்படியல்ல. டர்போ பிடிக்கும் வரை சோம்பலாக இருந்து, பிடித்ததும் ஒரு தள்ளு தள்ளும். டிராஃபிக்கில் அரைக் கிளட்ச்சில் நிற்கப் பழகாதவருக்கு அந்தத் தள்ளு முன்னால் நிற்கும் ஆட்டோவின் பம்பரில்தான் முடியும். மாதம் 1,500 கி.மீ.க்கு மேல் ஓட்டம் இல்லாவிட்டால் டீசலால் லாபமும் இல்லை. காலேஜுக்கும் வீட்டுக்கும் ஓடும் வண்டிக்கு பெட்ரோல் போதும். ஊருக்குள் லிட்டருக்கு 12 முதல் 14, பைபாஸில் அடக்கி ஓட்டினால் 16, 17 வரை கொடுக்கும்.

கிளட்ச் லேசு. ஸ்டீயரிங் லேசு. திருப்பும் ஆரம் 4.8 மீட்டர் என்பதால் அகலம் குறைந்த தெருவிலும் இரண்டே வெட்டில் யூ டர்ன் எடுக்கலாம். தரையிலிருந்து 170 மி.மீ. உயரம், நம் ஊர் வேகத்தடைக்கு அடி தட்டாது. முன் கண்ணாடி பெரிது, பானட்டின் ஓரம் ஓரளவு கண்ணுக்குத் தெரியும். புதிதாக ஓட்டுகிறவருக்கு இவையெல்லாம் குதிரைத்திறனைவிட முக்கியம்.

எல்லோரும் குறை சொல்லும் ஒரு விஷயம், ஸ்பீடோமீட்டர் டாஷ்போர்டின் நடுவில் இருப்பது. ஸ்டீயரிங்குக்கு நேராகப் பார்த்தே பழகியவர்களுக்கு முதல் பத்து நாள் எரிச்சலாக இருக்கும். புதிதாகக் கற்றவருக்குப் பழைய பழக்கம் இல்லாததால் இது பெரிய இடைஞ்சல் ஆவதில்லை. இன்னொன்றும் உண்டு: பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ வேகம் நன்றாகத் தெரியும். முதல் மூன்று மாதம் கூடவே உட்கார்ந்து போகப்போகிறவர்களுக்கு இது உண்மையான வசதி.

குறைகள் இருக்கின்றன. கதவு சாத்தினால் தகர டப்பா சத்தம். 90-க்கு மேல் போனால் டயர் சத்தமும் இன்ஜின் சத்தமும் உள்ளே நன்றாகவே கேட்கும். உள்ளே பிளாஸ்டிக் சுமார் ரகம். முன்னால் ஒரே ஒரு பெரிய வைப்பர்தான். ரப்பர் காய்ந்திருந்தால் டிரைவர் பக்கத்து மேல் மூலையில் தண்ணீர் அப்படியே நிற்கும், வருஷா வருஷம் மழைக்கு முன் மாற்றிவிட வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் லிவாவில் கிடையவே கிடையாது. கிளட்ச் வேண்டாம் என்றால் வேறு வண்டிதான்.

சர்வீஸ் விஷயத்தில் கவலை இல்லை. உற்பத்தி நின்றுவிட்டதே, பார்ட்ஸ் கிடைக்குமா என்று கேட்பார்கள். எட்டியோஸ் செடான் டாக்ஸியாக ஓடாத ஊர் இல்லை. சஸ்பென்ஷன், பிரேக் சாமான்கள் பல அதற்கும் இதற்கும் ஒன்றே. அதனால் சின்ன ஊர் மெக்கானிக்குக்கும் இந்த வண்டி அத்துப்படி. சென்னையில் ஜிபி ரோட்டில் புது சாமான், புதுப்பேட்டையில் பழைய சாமான். கதவு, ஹெட்லைட், கண்ணாடி வேண்டுமானால் புதுப்பேட்டையில் வாங்கலாம். ஏர்பேக், சீட் பெல்ட், பிரேக் சம்பந்தப்பட்ட எதையும் பழையதாக வாங்கவே கூடாது.

இந்த மாடலுக்கே உரிய ஆபத்து

டாக்ஸியாக நிறைய ஓடியதால் வந்த நல்லது மேலே சொன்னது. கெட்டதும் அதே காரணத்தால்தான். டி போர்டில் ஓடிய வண்டியை ஓன் போர்டாக மாற்றி, மீட்டரைக் குறைத்து, சீட் கவர் போட்டு விற்பது எட்டியோஸ் குடும்பத்தில் சகஜம். செடானும் டீசலும்தான் இதில் அதிகம் மாட்டும், ஆனால் லிவாவும் தப்பவில்லை. பின் சீட் குஷன் டிரைவர் சீட்டைவிட அதிகமாக அமுங்கியிருக்கிறதா பாருங்கள். சொந்த உபயோகத்தில் ஓடிய வண்டியில் டிரைவர் சீட்தான் முதலில் தளரும். நம்பர் பிளேட்டைக் கழற்றச் சொல்லி அதன் பின்னாலும் ஓரங்களிலும் மஞ்சள் தடம் இருக்கிறதா பாருங்கள். டாஷ்போர்டில் அடைத்த திருகு ஓட்டை, ஜிபிஎஸ் கருவிக்கு இழுத்த உபரி வயர், கூரையில் கேரியர் அழுத்திய தடம் இருந்தால் விட்டுவிடலாம். சந்தேகம் தீரவில்லையா, பழைய இன்ஷூரன்ஸ் பாலிசிகளை வரிசையாகக் கேளுங்கள். வாடகை வண்டிக்கான பாலிசி என்று எந்த வருடமாவது இருந்தால் கதை முடிந்தது.

மீட்டரில் இருக்கும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஓனரை ஒரு டொயோட்டா சர்வீஸ் சென்டருக்குக் கூட்டிப்போய், பதிவு எண்ணைக் கொடுத்து சர்வீஸ் ஹிஸ்டரி எடுக்கச் சொல்லுங்கள். 10,000 கி.மீ.க்கு அல்லது வருடத்துக்கு ஒரு சர்வீஸ். அந்த வரிசையில் 2021-ல் 58,000 என்று இருந்து, இன்று மீட்டர் 47,000 காட்டினால் அதற்குமேல் பேச ஒன்றும் இல்லை. ஹிஸ்டரியே இல்லாத வண்டி என்றால் பெடல் ரப்பரின் தேய்மானம், ஸ்டீயரிங்கில் கை வைக்கும் இடத்தின் வழவழப்பு, டிரைவர் சீட் பெல்ட் ஓரத்தில் பிசிர், பிரேக் டிஸ்க்கின் விளிம்பில் விரல் வைத்தால் தட்டும் வரப்பு ஆகியவை சேர்ந்து உண்மையைச் சொல்லும். 30,000 ஓடிய வண்டியில் பெடல் ரப்பர் மொழுக்கென்று ஆகாது. பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலியிலும் மூழ்கிய வண்டிகள் காய்ந்து, துடைத்து, பாலிஷ் போட்டு வேறு மாவட்டங்களுக்கு விற்பனைக்குப் போயிருக்கும். வாசனைக்கு ஏர் ஃப்ரெஷனர் அடித்திருப்பார்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள்: தண்ணீர் நின்ற உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு இருக்கும், உள்ளே சுருண்டிருக்கும் கடைசி ஒரு முழத்தை யாரும் துவைப்பதில்லை. சீட் நகரும் ரெயிலில் துரு, கார்பெட்டுக்கு அடியில் மணல், ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல், ஃபியூஸ் பெட்டியில் பச்சை பூத்த பின்கள், இவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். மூழ்கிய வண்டியில் ஏர்பேக் கம்ப்யூட்டர் எப்போது கைவிடும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிள்ளைக்கு எடுக்கும் வண்டியில் அந்த நிச்சயமின்மை கூடாது.

நடப்பு இன்ஷூரன்ஸ் பாலிசியில் நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் எடுக்காத வருடங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி, எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 20, 25, 35, 45, 50 என்று ஐந்து வருடத்தில் ஏறுவது அது. ஐந்தாறு வருட வண்டியின் முழு பாலிசியில் பூஜ்யம் என்று இருந்தால், போன வருடம் கிளைம் எடுத்திருக்கவே வாய்ப்பு அதிகம். என்ன கிளைம் என்று பில்லோடு கேளுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ள வண்டியில் இந்தத் துப்பு கிடைக்காது.

நேரில் பார்க்கும் நாள்

காலையில் போங்கள். வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டு, போனதும் பானட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். குளிர்ந்த இன்ஜின் ஒரே சாவியில் பிடிக்க வேண்டும். சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் கூலன்ட் உள்ளே போகிறது. ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறம் மோர் போல வெளுத்திருந்தாலும் அதே நோய்தான்.

சாவியை ஆன் செய்யும்போது ஏர்பேக் விளக்கும் ஏபிஎஸ் விளக்கும் எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம்: வெடித்துப்போன ஏர்பேக்கை மாற்றாமல், விளக்கை மட்டும் துண்டித்திருப்பார்கள். இதை இரண்டு மூன்று தடவை ஆன், ஆஃப் செய்து பாருங்கள். ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கைக் கூட்டிப்போனால் ஏர்பேக் கம்ப்யூட்டரில் பதிந்திருக்கும் கோளாறு கோட்களையும் படித்துவிடலாம். இந்த ஒரு சோதனையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். இந்த வண்டியை நாம் தேர்ந்தெடுத்ததே ஏர்பேக்குக்காகத்தான்.

பாடியில், முன் ஃபெண்டரையும் பானட்டையும் பிடித்திருக்கும் போல்ட் தலைகளைப் பாருங்கள். பெயின்ட் விரிசல் இருந்தால் ஸ்பேனர் போட்டுக் கழற்றியிருக்கிறார்கள். ஒரு ஃபெண்டர் மாற்றியது குற்றமில்லை, ஊருக்குள் ஓடிய வண்டியில் அது இல்லாமல் இருக்காது. பானட்டைத் தூக்கினால் இரு பக்கமும் தெரியும் ஏப்ரன் தகட்டில் வட்ட வட்டமாக கம்பெனி வெல்டிங் குழிகள் சீராக இருக்க வேண்டும். அங்கே புட்டி, கைவெல்டிங் இருந்தால் முன்பக்கம் பலமாக அடிபட்ட வண்டி. பெயின்ட் தடிமன் அளக்கும் கேஜ் கிடைத்தால் 80 முதல் 150 மைக்ரான் வரை கம்பெனி பெயின்ட், 300 தாண்டினால் உள்ளே புட்டி. கண்ணாடிகளின் மூலையில் இருக்கும் ஆண்டுக் குறி எல்லாவற்றிலும் ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள்.

ஓட்டிப் பார்ப்பது பத்துப் பதினைந்து கி.மீ.யாவது இருக்க வேண்டும், ஏசி போட்டபடி. தெருவை ஒரு சுற்று சுற்றுவது டெஸ்ட் டிரைவ் ஆகாது. காலி இடத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, நாலாம் கியரில் கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் உடனே அணைந்தால் கிளட்ச் நல்லது, முனகிக்கொண்டே ஓடினால் பிளேட் தேய்ந்துவிட்டது. முழு சுற்று ஸ்டீயரிங் திருப்பி மெதுவாக வட்டம் அடிக்கும்போது கடகடவென்று சத்தம் வந்தால் ஆக்சில் ஜாயின்ட். குண்டும் குழியுமான ரோட்டில் 15 கி.மீ. வேகத்தில் போனால் தொப் தொப் என்று அடிப்பது பெரும்பாலும் சஸ்பென்ஷனில் உள்ள லிங்க் ராடு, புஷ். அது சின்னச் செலவுதான், விலை பேச உதவும். மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு இறக்கும்போது கரகரப்பு இருந்தால் விட்டுவிடுங்கள், கியர் பாக்ஸைப் பிரிக்கும் செலவு இந்த விலை வண்டிக்குக் கட்டுபடியாகாது. பின்னால் வண்டி வராத ரோட்டில் 40 வேகத்தில் பிரேக்கை ஓங்கி மிதியுங்கள். ஏபிஎஸ் வேலை செய்து பெடல் காலில் துடித்து, வண்டி நேர்கோட்டில் நிற்க வேண்டும். அந்தத் துடிப்பைப் பிள்ளையும் ஒருமுறை உணர்ந்துவிடட்டும். முதல் தடவை அவசரத்தில் அது வரும்போது பயந்து காலை எடுத்துவிடுகிறவர்கள் நிறைய.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 3219 என்றால் 2019-ன் 32-வது வாரம். பட்டன் எவ்வளவு இருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயர் மழையில் பிடிக்காது. நான்கும் மாற்றச் சுமார் 18,000 முதல் 22,000 ரூபாய் ஆகும், அதைக் கணக்கிட்டு விலையைக் குறையுங்கள். 2017 முதல் 2019 வரையிலான நல்ல பெட்ரோல் லிவா சுமார் மூன்றரை முதல் ஐந்து லட்சம் வரை போகிறது. கையில் நாலரை லட்சம் இருந்தால் நாலு லட்சத்துக்கு வண்டி எடுத்து, மிச்சத்தை டயர், பேட்டரி, ஆயில், பிரேக் பேட், இன்ஷூரன்ஸுக்கு வையுங்கள். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டிகள் அதற்காகச் செய்தவை அல்ல. அதனால் முதல் சர்வீஸிலேயே ஃபியூயல் ஹோஸ்கள் வெடித்திருக்கிறதா, பெட்ரோல் வாசனை வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

பேப்பர்

அரசின் பரிவாஹன் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டு, லோன் பாக்கி இருக்கிறதா, ஓனர் எண்ணிக்கை எத்தனை, இ-சலான் நிலுவை உண்டா என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பாருங்கள். லோன் முடிந்திருந்தாலும் ஆர்சியில் பேங்க் பெயர் நீங்கவில்லை என்றால் படிவம் 35-ம் பேங்க் என்ஓசியும் (தடையில்லாச் சான்று) கைக்கு வந்த பிறகே முழுப் பணம். பெயர் மாற்றத்துக்கு 29, 30 படிவங்கள். புதுச்சேரி, கர்நாடகப் பதிவு வண்டி விலை குறைவாகத் தெரியும். இங்கே கொண்டுவந்து என்ஓசி, தமிழ்நாட்டு வரி எல்லாம் சேர்த்தால் அந்த லாபம் கரைந்துவிடும்.

இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி உங்களோடு வந்துவிடும், வண்டிச் சேதத்துக்கான காப்பீடு அப்படி வராது. விற்றவரின் நோ கிளைம் போனஸ் அவருடையது, உங்களுக்கு இல்லை. வண்டி அப்பா பெயரில் இருந்து பிள்ளை ஓட்டினாலும், செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால் கிளைம் கிடைக்கும். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் கிடைக்காது. எல்எல்ஆரில் ஓட்டும்போது எல் போர்டும் பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவரும் கட்டாயம். 18 முடியாத பிள்ளையிடம் சாவியைக் கொடுத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி வண்டி ஓனருக்கோ பெற்றோருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் விதிக்கலாம், பதிவும் 12 மாதம் ரத்தாகும். பிறந்தநாள் வரை பொறுங்கள்.

லிவா கிடைக்காத ஊரில் இருந்தால், பட்ஜெட் ஏறுமென்றால் 2020 ஜனவரிக்குப் பிறகு வந்த டாடா டியாகோ பெட்ரோல் பார்க்கலாம். அதுவும் 4 நட்சத்திரம், எல்லா வேரியண்டிலும் இரண்டு ஏர்பேக், ஏபிஎஸ் உண்டு. மூன்று சிலிண்டர் என்பதால் நிற்கும்போது அதிர்வு தெரியும். இரண்டு ஏர்பேக் உள்ள போலோவும் 4 நட்சத்திரம்தான், ஆனால் பார்ட்ஸ் செலவு ஒரு மாணவரின் வண்டிக்கு அதிகம். ஸ்விஃப்ட்தான் வேண்டும் என்று பிள்ளை ஒற்றைக்காலில் நின்றால், இரண்டு ஏர்பேக், ஏபிஎஸ் உள்ள வேரியண்ட் மட்டும்.

வண்டி வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து, வீட்டு வாசலிலேயே பிள்ளையை ஒரு சக்கரம் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். ஹேண்ட் பிரேக், முதல் கியர், எதிர்மூலைச் சக்கரத்துக்கு ஒரு கல். ஜாக்கியில் தூக்குவதற்கு முன்பே நட்டுகளைத் தளர்த்த வேண்டும், தூக்கிய பிறகு சக்கரம் சுற்றும். வண்டிக் கதவுக்குக் கீழே உள்ள விளிம்பில் ஜாக்கிக்கென்று வெட்டு விட்ட இடத்தில்தான் ஜாக்கி வைக்க வேண்டும். தள்ளி வைத்தால் தகடு நசுங்கும். இறக்கிய பிறகு நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, 50 கி.மீ. ஓடியதும் இன்னொரு முறை இறுக்கம் பார்க்கட்டும். டைட்டாகிப் போன நட்டு ஏதாவது இருந்தால் அது இருட்டில் பைபாஸ் ஓரத்தில் தெரிவதைவிட வாசலில் தெரிந்துவிடும்.